கேசட் வாங்கும் முன் ஃப்ரீஹப்பைப் பாருங்கள்

சைக்கிளுக்குக் கியர் மாற்ற வரும் புதியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "அண்ணா, எத்தனை ஸ்பீடு போடலாம்?" ஷிஃப்டருக்கும் செயினுக்கும் அந்தக் கணக்கு வேண்டும், சரி. ஆனால் கேசட் (பின் சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு) ஏறுமா என்பது பின் ஹப்பிலுள்ள ஃப்ரீஹப்பின், அதாவது கேசட்டைத் தாங்கும் உருளையின், வடிவத்தைப் பொறுத்தது.

ஹெச்ஜி ஃப்ரீஹப்புக்கு 10 பல் கேசட்

பணத்தைத் தின்னும் தவறு இதுதான். ஷிமானோ டியோரே 12 ஸ்பீடு கேசட் 10-51, அதாவது சிறிய பற்சக்கரத்தில் 10 பல், பெரியதில் 51. அது 2018இல் வந்த மைக்ரோ ஸ்பிளைன் ஃப்ரீஹப்பில்தான் ஏறும். பழைய எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) சக்கரங்களில் பெரும்பாலும் இருப்பது ஷிமானோவின் பழைய வகையான ஹெச்ஜி. அதன் உருளை பருமனானது, 11 பல்லுக்குக் கீழே இடம் தராது. வரிப்பள்ளங்களும் வேறு. அரம் போட்டெல்லாம் ஏற்ற முடியாது.

ஒரு கல்லூரிப் பையன் சேமித்த காசில் முழு செட்டையும் வாங்கிக்கொண்டு வந்தான். "12 ஸ்பீடுதானே தம்பி, எதிலும் ஏறும்" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அவனுடைய ஹப்புக்கு மைக்ரோ ஸ்பிளைன் பாடி (ஃப்ரீஹப் உருளை) தனியாகக் கிடைக்கவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கேசட்டைத் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் பின் சக்கரத்தையே புதிதாக வாங்கினான். 'உன் ஃப்ரீஹப் என்ன?' என்று விற்பவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்றைக்கும் யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் ஆத்திரம்.

முதலில் உங்கள் ஹப்புக்கு மாற்று பாடி கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் ஹெச்ஜியிலேயே ஏறும் 12 ஸ்பீடு கேசட்டைத் தேடுங்கள். ஸ்ராம் என்எக்ஸ் ஈகிள், எஸ்எக்ஸ் ஈகிள் இரண்டும் 11-50, இரண்டும் ஏறும். போவது அந்த 10 பல்லும், பெரிய பற்சக்கரத்தில் ஒரு பல்லும்தான்.

ஸ்பேசரை மறப்பது

ஷிமானோவின் 11 ஸ்பீடு ரோடு ஃப்ரீஹப், 8/9/10 ஸ்பீடு பாடியைவிட 1.85 மி.மீ. நீளம். அதில் 10 ஸ்பீடு கேசட் போட்டால் பின்னால் 1.85 மி.மீ. ஸ்பேசர் (இடத்தை நிரப்பும் வளையம்) கட்டாயம். இல்லாவிட்டால் லாக்ரிங் (கேசட்டைப் பூட்டும் வளையம்) இறுகிய பிறகும் பற்சக்கரங்கள் ஆடும். 10 ஸ்பீடு பாடியில் 11 ஸ்பீடு ரோடு கேசட் பொதுவாக ஏறாது. ஹெச்ஜி 700, ஹெச்ஜி 800 வகை 11-34 மட்டும் விதிவிலக்கு.

ஃப்ரீவீல் ஹப்பில் கேசட்

ஏறாது. ஃப்ரீவீல் என்பது பற்சக்கரங்களோடு ஒரே துண்டாக ஹப்பில் திருகப்படும் பழைய வகை. உங்களுடையது எது என்று அறிய, பற்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள்: கருவி மாட்டும் பள்ளம் கூடவே சுற்றினால் கேசட், அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

லாக்ரிங்கைக் கையால் இறுக்குவது

கை இறுக்கம் போதாது, 40 நியூட்டன் மீட்டர் வேண்டும். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வையுங்கள்.