கியர் பாக்ஸ் பான் ஒழுகாமல் மாட்டுவது

ஆம்பூர் பக்கம் தோல் ஏற்றும் பிக்கப் வண்டி அது. ஆட்டோமேட்டிக் கியர். ஆயில் மாற்றி அனுப்பிய மறுநாள் காலையே ஷெட் வாசலில் திரும்பி வந்து நின்றது. டிரைவர் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அடியில் கையை விட்டுத் தடவி எடுத்து விரலைக் காட்டினார். விரல் சிவப்பாக இருந்தது, கியர் பாக்ஸ் எண்ணெயின் நிறம்.

கியர் பாக்ஸ் அடியில் எண்ணெய் நிற்கும் தட்டுதான் பான். அதை மாட்டியது நான்தான். கசியாமல் இருக்க இடையில் வைக்கும் பேக்கிங்கின் இரண்டு பக்கமும் சிலிக்கான் பசையை வெண்ணெய் மாதிரி பூசி, டி ஸ்பேனரைப் போட்டு பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கியிருந்தேன். கழற்றிப் பார்த்தால் பேக்கிங் வழுக்கி வெளியே பிதுங்கிக் கிடந்தது. இரண்டு ஓட்டையில் மரையே இல்லை. நான் தொழில் கற்றது கொணவட்டத்தில் ஒரு பாயிடம். லாரி இன்ஜின் சம்ப் மாட்டும்போதெல்லாம் அவர் சொல்லுவார்: “எண்ணெ சொட்டுற எடத்துல பசை நிக்காதுடா, அவசரம் இன்னா உனக்கு?” அன்றைக்குத்தான் அது மண்டையில் ஏறியது.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று பாருங்கள். நம் ஊர் லாரிகளில் கிளட்ச் பெடல் இல்லாமல் வருவது பெரும்பாலும் ஏஎம்டி. உள்ளே இருப்பது பழைய கியர் பாக்ஸ்தான், கியர் மாற்றும் வேலையை மட்டும் மோட்டாரோ காற்றோ செய்கிறது. நான் சொல்லப்போவது அதற்கு இல்லை. ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற பிக்கப்களில் வரும், இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு. இதன் அடியில் தட்டு மாதிரி ஒரு பான் இருக்கும். அதற்குள் ஃபில்டர், அதற்கு மேலே வால்வ் பாடி, எண்ணெயைத் திருப்பிவிட்டு கியர் மாற்றும் பகுதி.

அடுத்து, ஒழுகுவது பான்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கியர் லிவர் தண்டின் சீலில் கசிந்தாலும், கூலர் பைப்பில் கசிந்தாலும், ஒயர் சாக்கெட்டில் கசிந்தாலும் எண்ணெய் வழிந்து வந்து பான் விளிம்பில்தான் தொங்கும். பழி பானுக்கு. அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் வேலை.

வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு போடுங்கள். வண்டி மட்டமாக நிற்க வேண்டும், கடைசியில் அளவு பார்க்கும்போது அதுதான் கணக்கு. எங்கள் சத்துவாச்சாரி தெருவில் புழுதிக்குப் பஞ்சமே இல்லை. பானைத் திறக்கும் முன் தரையில் தண்ணீர் தெளித்துவிடுவேன், ஃபேனை நிறுத்திவிடுவேன். வியர்த்துக் கொட்டும். கொட்டட்டும்.

எண்ணெய் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது வடித்துவிடுங்கள். ஓடி வந்த சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும். வெளியே வந்ததை அளந்து வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களே போதும். பானைக் கழற்றினாலும் மொத்த எண்ணெயும் வராது, பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். வந்த அளவைத் திரும்ப ஊற்றுவதுதான் ஆரம்பக் கணக்கு.

தோல் வண்டிகளில் போல்ட்டுகள் ஒரு தனிக் கதை. உப்புப் போட்ட பச்சைத் தோலிலிருந்து வடியும் தண்ணீர் அடியெல்லாம் இறங்கி, போல்ட் தலை துருவில் ஊறிப்போயிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு விடும் ஸ்பிரே அடித்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து கழற்றுங்கள். எல்லாப் போல்ட்டையும் ஒரேயடியாக எடுக்கக் கூடாது. ஒரு மூலையில் இரண்டை லேசாக விட்டுவிட்டு மற்றதை எடுத்தால் பான் ஒரு பக்கமாகச் சாயும், மிச்ச எண்ணெய் நீங்கள் வைத்த தட்டில் விழும். இல்லையென்றால் உங்கள் முகத்தில்.

பானுக்குள் காந்தங்கள் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு அதே இடத்தில் வையுங்கள். விரலில் குத்துகிற மாதிரி தகடு, துண்டு கிடந்தால் பானை மாட்டுவதைப் பற்றி யோசிக்காதீர்கள், கியர் பாக்ஸே பிரச்சினையில் இருக்கிறது. புது ஃபில்டர் போடும்போது பழைய ஓ-ரிங் மேலே ஓட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். அதன்மேல் இன்னொன்றைத் திணித்தால் ஃபில்டர் சரியாக உட்காராது, பம்ப் காற்றை இழுக்கும்.

இனிதான் முக்கியமான இடம். வால்வ் பாடியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது போலத் தோன்றும், விளிம்பைத் துடைத்துத் திரும்பினால் மறுபடியும் ஒரு சொட்டு உருண்டு வந்து அங்கேயே நிற்கும். பசை போட்டு ஒட்டும் பான் என்றால் நான் ராத்திரி முழுக்கச் சொட்ட விட்டுவிடுகிறேன். அடியில் ஒரு தட்டு, மேலே தூசி விழாமல் சுத்தமான பிளாஸ்டிக் ஷீட் கட்டி, ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். வண்டிக்காரர் முகம் சுளிப்பார். கூடுதலாக ஒரு நாள் வாடகை போகிறது அல்லவா. ஒழுகி மறுபடியும் வந்து நிற்பதற்கு இது மேல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காலையில் பழைய பசையைச் சுரண்டுங்கள். கியர் பாக்ஸ் உடம்பு அலுமினியம், அதனால் ஆக்ஸா பிளேடு, உளி எல்லாம் வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், இல்லையென்றால் காலாவதியான ஏடிஎம் கார்டு. எமரி தாளைத் தொடவே தொடாதீர்கள், அதன் மணல் வால்வ் பாடிக்குள் போனால் பிறகு கியர் எங்கே மாட்டிக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதேபோல பனியன் வேஸ்ட். எல்லா ஷெட்டிலும் மூட்டையாகக் கிடக்கும், கை தானாக அதற்குத்தான் போகும். அதன் நூல் பிசிறு போதும் ஒரு சின்ன வால்வை நிறுத்த. நூல் விடாத துணியில் பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். டீசலில் கழுவினால் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும், பசை பிடிக்காது. போல்ட் ஓட்டைகளுக்குள்ளும் துடையுங்கள். அடைத்த ஓட்டையில் எண்ணெய் நின்றால் போல்ட் பாதியிலேயே இறுகியது போல ஏமாற்றும்.

பான் விளிம்பைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். முன்பு யாராவது என்னைப் போல முறுக்கியிருந்தால் ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் மேடு தட்டியிருக்கும். மரக்கட்டை மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிச் சமமாக்குங்கள். இந்த மேடு இருக்கும்வரை எந்தப் பேக்கிங்கும் நிற்காது.

பேக்கிங்கா பசையா? கம்பெனியில் எப்படி வந்ததோ அப்படியே போடுங்கள். ரப்பர் பேக்கிங் என்றால் காய்ந்த விளிம்பில் காய்ந்த பேக்கிங், அவ்வளவுதான். பசை பூசினால் அது வழுக்குமெண்ணெய் மாதிரி வேலை செய்து பேக்கிங்கைப் பிதுக்கித் தள்ளிவிடும், நான் செய்தது அதுதான். பேக்கிங் இல்லாமல் பசையில் மட்டும் ஒட்டி வந்த பான் என்றால் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்) தாங்கும் என்று டியூபில் எழுதியிருக்கும் சிலிக்கான் வாங்குங்கள். எங்கள் பக்கம் எந்த சிலிக்கானையும் அனபாண்ட் என்றுதான் சொல்லுவோம், கடையில் பெயரை மட்டும் சொல்லாமல் எதற்கு என்றும் சொல்லுங்கள்.

சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே கோடாக இழுங்கள், அறுபடக் கூடாது. போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமாக, எண்ணெய் இருக்கும் பக்கமாக வளைந்து போக வேண்டும். வெளிப்பக்கமாகப் போனால் எண்ணெய் போல்ட் மரை வழியாக இறங்கிவிடும். தாராளம் காட்டாதீர்கள். வெளியே பிதுங்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும், புழு மாதிரி அறுந்து போய் ஃபில்டரில் அடைக்கும்.

பசையோடு பானைத் தூக்கி மாட்டும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு கலைந்துவிடும். இதற்கு நான் நீளமான இரண்டு போல்ட்டின் தலையை வெட்டி வைத்திருக்கிறேன். எதிரெதிர் மூலையில் அவற்றைக் கையால் திருகிவிட்டு, பானை அதில் கோர்த்து நேராக மேலே ஏற்றலாம். மற்ற போல்ட்டுகள் நின்றதும் இவற்றைக் கழற்றிவிட்டு அசல் போல்ட்டைப் போடலாம். பசை தோல் கட்டும் நேரம் டியூபில் போட்டிருக்கும், பெரும்பாலும் பத்து நிமிடம் போல. அதற்குள் எல்லாப் போல்ட்டும் கையால் ஏறியிருக்க வேண்டும்.

முறுக்குவது நடுவிலிருந்து வெளியே, எதிரெதிராக, இரண்டு சுற்றில். பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் போல்ட், 10ஆம் நம்பர் தலை. இவற்றுக்குத் தேவை பொதுவாக 5 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான், சரியான எண்ணை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். வீல் நட்டுக்கு 100க்கு மேல் போகும், அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு குறைவு என்று புரியும். வீலுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்சில் இந்த எண்ணே வராது, சின்னது வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஸ்பேனரின் கைப்பிடியைப் பிடிக்காமல் தண்டை விரல்களால் பிடித்துத் திருகுங்கள், தோள் வலிமை அதில் இறங்காது.

பேக்கிங் போட்டால் உடனே எண்ணெய் ஊற்றலாம். பசை என்றால் ஒரு முழு நாள். காய்ந்த பிறகு இன்னும் ஒரு திருகு திருகிப் பார்க்கும் ஆசை வரும், அடக்குங்கள். பிடித்த பசை விட்டுவிடும்.

எண்ணெய் எது என்பதற்கும் சர்வீஸ் புத்தகம்தான். அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் இல்லாத வண்டியில் ஓவர்ஃப்ளோ ப்ளக் இருக்கும், அளவுக்கு மேல் உள்ள எண்ணெய் அதன் வழியே வழியும். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்து எல்லா கியரையும் ஒருமுறை போட்டு எடுத்து, பார்க்கில் வைத்து, எண்ணெய் குறித்த சூட்டுக்கு வந்ததும் அதைத் திறந்து பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அந்தச் சூடு 40 டிகிரியை ஒட்டி இருக்கும். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் ஷெட்டுக்குள்ளேயே 40 டிகிரி. இன்ஜினைப் போட்டதும் எண்ணெய் அளவைத் தாண்டிச் சூடாகி விரிந்துவிடும், தேவைக்கு மேல் வெளியே கொட்டும், வண்டி குறைந்த எண்ணெயோடு போகும். அதனால் மே மாதத்தில் இந்த வேலையை விடியற்காலை ஐந்தரைக்கு வைத்துக்கொள்கிறேன், ஸ்கேனரில் சூட்டைப் பார்த்துக்கொண்டே.

பிறகு பள்ளிகொண்டா டோல் வரை போய்த் திரும்புவேன். பான் விளிம்பைச் சுற்றி மறுபடியும் பவுடர் தூவி, அடியில் ஒரு அட்டையை விரித்து, மறுநாள் காலை பார்ப்பேன். பவுடர் வெள்ளையாகவே இருந்தால் பான் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் பெயின்ட் பேனாவால் எழுதிவிட்டு அடித்தகட்டை மாட்டிவிடுவேன்.