பழைய கார் வாங்கியாச்சா? டைமிங் பெல்ட்டைப் பாருங்கள்
வண்டி கைக்கு வந்ததும், டைமிங் பெல்ட் (என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பட்டை) எப்போது மாற்றப்பட்டது என்று சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். பதிவே இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு புதிதாகப் போட்டுவிடுங்கள். அதிகம் ஓடாத காரிலும் ரப்பர் வயதாகிக் கெட்டுவிடும். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால், பல என்ஜின்களில் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும். அந்தச் செலவு மிகப் பெரியது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அதே பெல்ட்டில் ஓடுவதானால் வாட்டர் பம்ப்பையும் கூடவே மாற்றுங்கள். கழற்றி மாட்டும் கூலி ஒருமுறைதான். பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள என்ஜின் என்றால் என்ஜின் ஆயிலை நேரத்துக்கு மாற்றுவதுதான் முக்கியம்.

அப்புறம் பிரேக் ஆயில். அது ஈரத்தை உறிஞ்சும். பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்துகொண்டே போனால் வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காமல் கசிவைத் தேடுங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.