அதிகம் பேசப்படாத புரோகிரசிவ் மெட்டல், ஹெவி ப்ராக் ஆல்பங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ட்ரீம் தியேட்டர், டூல், ஓபெத் மூன்றையும் கேட்டு முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தேடினால், பாட்டுச் செயலிகள் அதே பத்து இசைக்குழுக்களைத்தான் திரும்பத் திரும்ப நீட்டும். ஓர் ஆல்பத்தைக் கேட்டவர்கள் கூடவே வேறு எதைக் கேட்டார்கள் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் அந்தப் பரிந்துரை வருகிறது. கேட்டவர்களே குறைவு என்றால் ஆல்பம் அந்தக் கணக்கில் ஏறாது. அதனால் அருமையான பல ஆல்பங்கள் தானாக உங்கள் போனுக்கு வரப்போவதில்லை. வேலூர் சத்துவாச்சாரியில் இருந்தாலும் காட்பாடி விடுதியில் இருந்தாலும் நாமேதான் தேடி எடுக்க வேண்டும்.

மெட்டல் என்றால் என்ன, ராக் என்றால் என்ன என்பதற்குள் இங்கே போகவில்லை. ப்ராக் என்பது புரோகிரசிவ் ராக், ஹெவி ப்ராக் அதன் கனத்த கிட்டார் வகை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகையில் நான்கைந்து ஆல்பமாவது கேட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: ஓர் ஆல்பம், ஒரு வரி

உங்களுக்கு மிகவும் பிடித்த ஓர் ஆல்பத்தை எடுத்து, அதில் பிடித்தது என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். "சூப்பரா இருக்கு" என்று எழுதினால் தேடலுக்கு உதவாது. "பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டு போகிறது", "ட்ரம்ஸ் ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது", "ஆர்கனும் கிட்டாரும் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன" என்று காதில் விழுந்ததை எழுதுங்கள். அடுத்த படியில் யாரைத் தொடர்வது என்பதை இந்த வரிதான் சொல்லும்.

இரண்டாம் படி: வகைப்பெயரை விடுங்கள், ஆளைப் பிடியுங்கள்

பெரும்பாலானவர்கள் தடுக்குவது இந்தப் படியில்தான். "பெஸ்ட் புரோகிரசிவ் மெட்டல் ஆல்பம்ஸ்" என்று தேடினால் வருவதெல்லாம் எல்லோரும் கேட்ட பட்டியல். வகைப்பெயர் என்பது பிறகு யாரோ ஒட்டிய சீட்டு. இசையை ஓர் ஆல்பத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்துபோகிறவர்கள் வாசிக்கிறவர்கள்.

இதற்கு, ஆல்பங்களின் விவரங்களைத் தொகுத்து வைக்கும் டிஸ்காக்ஸ் தளத்தை விஞ்சியது எதுவும் இல்லை. ஆல்பத்தின் பக்கத்தில் கீழே யார் எதை வாசித்தார்கள் என்ற விவரம் இருக்கும். ஒரு பெயரைத் தொட்டால் அவர் பங்கெடுத்த எல்லாம் வரும். அதில் இசைக்கருவி வாசித்தவை, தயாரிப்பு, ஒலிப்பதிவு என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஓர் உதாரணத்தை முழுதாகவே பார்ப்போம். தொடக்கம்: ஃபுளோரிடாவைச் சேர்ந்த சினிக் குழுவின் 'ஃபோகஸ்', 1993. பிடித்தது பேஸ் என்று வையுங்கள். அதை வாசித்தவர் ஷான் மலோன். அவர் பெயரைத் தொட்டால் 'கோர்டியன் நாட்' என்ற அவருடைய சொந்த முயற்சி வரும். 1999இல் வெளியான, பாடகரே இல்லாத ஆல்பம். அதில் வாசித்தவர்களில் ட்ரீம் தியேட்டரின் ஜான் மியுங் இருக்கிறார், ரான் ஜர்சோம்பெக் என்ற கிட்டார்க்காரரும் இருக்கிறார். ஜர்சோம்பெக்கைத் தொட்டால் டெக்சாஸின் வாட்ச்டவர் குழு, 1989இன் 'கன்ட்ரோல் அண்ட் ரெசிஸ்டன்ஸ்'. இந்த வகையின் வேர்களில் ஒன்று அது. அங்கிருந்து அவருடைய இன்னொரு குழு 'ஸ்பாஸ்டிக் இங்க்': 1997இன் 'இங்க் கம்ப்ளீட்' ஆல்பம். ட்ரம்ஸ் அவருடைய சகோதரர் பாபி. அடுத்து அவருடைய 'பிளாட்டட் சயன்ஸ்' குழுவின் 2007 ஆல்பம், பேஸ் கேனிபல் கார்ப்ஸின் அலெக்ஸ் வெப்ஸ்டர்.

மறுபடி 'ஃபோகஸ்'க்கே வந்து ட்ரம்ஸ் ஷான் ரெய்னர்ட், கிட்டார் பால் மாஸ்விடால் இருவரையும் தொட்டால் டெத் குழுவின் 'ஹ்யூமன்', 1991. சினிக்கின் பழைய பேஸ்காரர் டோனி சாய் வழியாகப் போனால் எதீயிஸ்ட் குழுவின் 'அன்குவெஸ்சனபிள் பிரசென்ஸ்', அதே 1991. ஓர் ஆல்பத்தில் தொடங்கி ஆறு ஆல்பம் கையில். எந்த வகைப்பட்டியலும் தேவைப்படவில்லை.

யாரைத் தொடர்வது? என் வரிசை: முதலில் ட்ரம்ஸ், பிறகு பேஸ், பிறகு கிட்டார், கடைசியில் பாடகர். ஒற்றைப்படைத் தாளங்களைச் சரளமாக வாசிக்கக்கூடியவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் இப்படிப்பட்ட பல குழுக்கள் அதே ஆட்களைத்தான் கூப்பிடுகின்றன. பாடகரைத் தொடர்ந்தால் குரல் கிடைக்கும், கட்டமைப்பு கிடைக்காமல் போகலாம். ஒலிப்பதிவாளரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மேலே சொன்ன 'ஃபோகஸ்', 'ஹ்யூமன்' இரண்டிலும் ஸ்காட் பர்ன்ஸ் பெயர் இருக்கும். ஆனால் அவர் பெயரைத் தொட்டால் டெத் மெட்டல் ஆல்பங்கள் குவியலாக வந்து நிற்கும். சத்தத்தின் தன்மை ஒத்துப்போகும், பாட்டின் எலும்புக்கூடு ஒத்துப்போகாது.

இங்கே இரண்டு இடங்களில் வழி தவறும். ஒன்று, மறுவெளியீட்டின் பக்கத்தைத் திறந்துவிடுவது. அவற்றில் பல பக்கங்களில் வாசித்தவர் பட்டியல் இருக்காது, விவரமே இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடுவோம். எல்லாப் பதிப்புகளையும் தொகுத்த தாய்ப் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து முதல் பதிப்பைத் திறந்தால் பெயர்கள் இருக்கும். இரண்டு, பெயர் ஒற்றுமை. ஒரே பெயரில் பலர் இருந்தால் டிஸ்காக்ஸ் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 2, 3 என்று எண் போடும். அந்த எண்ணைக் கவனிக்காவிட்டால் வேறு யாரோ ஒரு நாட்டுப்புறப் பாடகரின் பின்னால் போய்விடுவீர்கள்.

பெரிய குழுக்களின் ரசிகர்களுக்கு எளிதான நுழைவாசல்களும் உண்டு. பிளைண்ட் கார்டியன் பிடிக்குமா? அவர்களுக்குப் பேஸ் வாசித்த ஆலிவர் ஹோல்ஸ்வார்த்தும், ராப்சோடியில் ட்ரம்ஸ் வாசித்த அவருடைய சகோதரர் அலெக்ஸும் முன்பு மியூனிக்கின் சீஜஸ் ஈவன் குழுவில் இருந்தார்கள். 1991இன் 'எ சென்ஸ் ஆஃப் சேஞ்ச்' ஆல்பத்தில் தொடங்குங்கள். டீப் பர்ப்பிள் பிடித்தவர்கள் அதன் முதல் பாடகர் ராட் எவன்ஸைத் தொட்டு, கேப்டன் பியாண்ட் குழுவின் 1972 ஆல்பத்துக்குப் போகலாம். பாடகரைத் தொடர்வது பலன் தரும் அரிய இடங்களில் இது ஒன்று. பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடும், பாபி கால்ட்வெல்லின் ட்ரம்ஸுக்காகவே கேட்கலாம்.

மூன்றாம் படி: வடிகட்டி

ஆள் வழியில் போய் நின்றுவிட்டால் மட்டும் பட்டியல் தளங்களுக்கு வாருங்கள். ப்ராக் ஆர்க்கைவ்ஸ் தளத்தில் 'ஹெவி ப்ராக்', 'புரோகிரசிவ் மெட்டல்', 'டெக் எக்ஸ்ட்ரீம் ப்ராக் மெட்டல்' என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. எல்லாக் காலத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்த பெயர்களே மேலே வரும். ஓர் ஆண்டு, ஒரு நாடு என்று குறுக்குங்கள். இத்தாலி 1973 என்று போட்டால் மூசியோ ரோசன்பாக்கின் 'சரதுஸ்த்ரா' வரும், அந்த இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும் ஒரே தொடர்பாட்டு. இங்கிலாந்து 1970 என்றால் டி2 (T2) குழுவின் ஆல்பம், அதில் 'மார்னிங்' என்ற பாட்டு மட்டும் சுமார் 21 நிமிடம். இங்கிலாந்து 1969 என்றால் ஹை டைடின் 'சீ ஷான்டீஸ்': கனத்த கிட்டாரோடு வயலின் மல்லுக்கு நிற்கும். ஜப்பான் 1971 என்றால் ஃபிளவர் டிராவலின் பேண்டின் 'சடோரி'.

மதிப்பெண்ணைப் பார்க்கும்போது எத்தனை பேர் போட்டது என்பதையும் பாருங்கள். ஐந்து பேர் போட்ட ஐந்து நட்சத்திரம் நண்பர்கள் போட்டதாகவும் இருக்கலாம். 30 முதல் 200 பேர் வரை மதிப்பிட்ட ஆல்பங்களில்தான் புதையல் அதிகம். ஐந்து நட்சத்திர விமர்சனங்களை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரங்களைப் படியுங்கள். அவர்கள்தான் எது உறுத்தியது என்று சொல்லியிருப்பார்கள், அந்த உறுத்தல் உங்களுக்குப் பிடித்த விஷயமாகவே இருக்கக்கூடும்.

மெட்டல் ஆர்க்கைவ்ஸ் தளத்தின் விரிவான தேடலில் நாடு, ஆண்டு, வகை மூன்றையும் ஒன்றாகக் கொடுக்கலாம். அங்கே வகை என்பது குழு முழுமைக்கும் போடப்பட்டது. தொடக்கத்தில் த்ராஷ் (வேகமான மெட்டல் வகை), பிற்பாடு புரோகிரசிவ் என்று இருந்தால் தேடலில் த்ராஷ் ஆல்பமும் சேர்ந்தே வரும். வகைப்பெயருக்குப் பக்கத்தில் தொடக்ககாலம், பிற்காலம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மெட்டல் அல்லாத குழுக்களை அந்தத் தளம் சேர்ப்பதில்லை, எழுபதுகளின் ஹெவி ப்ராக்கை அங்கே தேடிக் களைக்க வேண்டாம்.

இசைக்குழுக்கள் ஆல்பங்களை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தின் பக்கங்களில் ஆல்பத்தை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். ஒரு படத்தைத் தொட்டால் அவர் வாங்கிய எல்லாம் தெரியும். ஆயிரக்கணக்கில் வாங்கியவரை விட்டுவிட்டு 50 முதல் 200 வரை வாங்கியவரைத் தேர்ந்தெடுங்கள். பார்த்துப் பார்த்து வாங்கியவர் அவர். பேண்ட்கேம்பில் பணம் கட்டப்போகிறீர்கள் என்றால் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை முதலில் திறந்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புது அட்டைகளில் அது மூடியே வரும். கட்டணம் ஏற்கப்படாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நம் பக்கத்து ஊர்களையும் விட்டுவிடாதீர்கள். கொச்சியின் மதர்ஜேன் 2008இல் போட்ட 'மக்தூப்', பெங்களூரின் அகம் 2012இல் போட்ட 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்', மும்பையின் கோஷிஷ் 2013இல் போட்ட 'ஃபிர்தௌஸ்' மூன்றும் அவசியம் கேட்க வேண்டியவை.

நான்காம் படி: கேட்கும் விதம்

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். போனின் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது, பாட்டின் பாதி காணாமல் போகும். 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும் கம்பி வைத்த இயர்போன் போதும். காதை முழுசாக மூடும் ஹெட்போன் வேலூர் வெயிலில் மார்ச் முதல் ஜூன் வரை ஒரு முழு ஆல்பத்துக்குத் தாங்காது, வேர்த்துக் கழற்றிவிடுவீர்கள்.

முதல் முறை தாளத்தை மட்டும் கேளுங்கள். கர்நாடக இசை கொஞ்சம் பழகியிருந்தால் கைவசம் ஒரு நல்ல கருவி இருக்கிறது. ஐந்து என்றால் கண்ட சாபு: தக தகிட. ஏழு என்றால் மிஸ்ர சாபு: தகிட தகதிமி. டூலின் 'ஸ்கிஸம்' பாட்டின் முக்கிய மெட்டு ஐந்தும் ஏழும் மாறி மாறி வருவது. வாயால் இந்தச் சொல்கட்டைச் சொல்லிக்கொண்டே கேட்டால் இரண்டாவது சுற்றிலேயே பிடிபட்டுவிடும். வாட்ச்டவர் போன்ற ஆல்பங்களில் தாளம் அடிக்கடி மாறும், அங்கே எண்ணிக்கொண்டிருக்காமல் மாறும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இருபது நிமிடப் பாட்டு நீளம் என்று தயங்க வேண்டாம். வடஆற்காட்டுக் கிராமங்களில் விடிய விடிய உட்கார்ந்து பாரதக் கூத்து பார்க்கிற பொறுமை நமக்குப் பழக்கமானதுதான். கட்டியங்காரன் வருகை, திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு, பிறகு வேஷம் வெளிப்படுவது என்று கூத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விரிவதுபோல் நீண்ட ப்ராக் பாட்டிலும் பகுதிகள் விரியும். எந்த மெட்டு திரும்ப வருகிறது என்று காத்திருந்து கேளுங்கள்.

குரல்தான் பலரை விரட்டுவது. எண்பதுகளின் ஆல்பங்களில் கிறீச்சிடும் உச்சக் குரல், 'ஃபோகஸ்'இல் இயந்திரக் குரலோடு உறுமல். குரல் தடையாக இருந்தால் பாடகரே இல்லாத 'கோர்டியன் நாட்'டில் தொடங்கி, காது பழகிய பிறகு திரும்பி வாருங்கள். ஒரு ஆல்பத்துக்கு மூன்று முறை, நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி. மூன்றாவது முறையும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடலாம்.

காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், இரண்டு ஆல்பத்துக்குச் சரியான பொழுது. வழியில் சிக்னல் அறுந்தால் பாட்டு நடுவில் நின்றுவிடும், வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். 45 நிமிட ஆல்பம் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக இருந்தால் சுமார் 108 எம்பி. தரம் குறையாத ஃபிளாக் வடிவம் என்றால் தோராயமாக 300 எம்பி வரும். ரயில் இரைச்சலில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, எம்பி3 போதும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் மாட்டிக்கொண்ட இடங்கள்

பாட்டுக்குப் பாட்டு நடுவில் ஒலி கலங்குகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். செயலி அமைப்பில் கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) என்பதை அணைத்து, கேப்லெஸ் (இடைவெளி இல்லாமல் ஓடவிடுவது) என்பதை இயக்குங்கள், ஷஃபிளையும் எடுத்துவிடுங்கள். ஃபேட்ஸ் வார்னிங்கின் 1997 ஆல்பம் 'எ ப்ளெசன்ட் ஷேட் ஆஃப் கிரே' முழுவதுமே 12 பகுதியாகப் பிரித்த ஒரே பாட்டு. கிராஸ்ஃபேட் இருந்தால் ஒவ்வொரு பகுதியின் முனையும் வெட்டுப்படும்.

இல் பலெட்டோ டி ப்ரோன்ஸோவின் 1972 ஆல்பம் கிடைக்கவில்லை என்று இன்னொரு கேள்வி. ஆல்பத்தின் பெயர் 'ஒய்எஸ்' (YS) என்ற இரண்டே எழுத்து. அதை மட்டும் போட்டால் அதே பெயரிலுள்ள ஜப்பானிய வீடியோ கேமின் இசைதான் குவியும். குழுவின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். டி2வுக்கும் அப்படித்தான், ஆல்பத்தின் முழுப்பெயரான 'இட்டில் ஆல் வொர்க் அவுட் இன் பூம்லேண்ட்' போட்டால்தான் வரும். ஒரே பெயருள்ள இரண்டு குழுக்களைச் செயலிகள் ஒரே பக்கத்தில் கலந்துவைப்பதும் உண்டு. அட்டைப்படத்தையும் ஆண்டையும் டிஸ்காக்ஸோடு ஒப்பிட்டுவிட்டுக் கேளுங்கள்.

ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைத் திருத்தி வெளியிட்டது) வாங்கலாமா என்பது மூன்றாவது. சத்தத்தை மட்டும் ஏற்றிய ரீமாஸ்டரில் ட்ரம்ஸின் அடி தட்டையாகிவிடும். டைனமிக் ரேஞ்ச் டேட்டாபேஸ் தளத்தில் ஆல்பத்தின் பெயரைப் போட்டால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண் காட்டும், எண் பெரிதாக இருந்தால் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள வித்தியாசம் அதிகம். பழைய சிடிக்கு 12, புதுசுக்கு 6 என்று இருந்தால் பழைய சிடியையே தேடுங்கள்.