கரண்ட் போய் அணைந்த லினக்ஸ் கணினியை மீட்பது எப்படி?

பெங்களூரில் மே மாத மாலையில் மழை வந்தால் கரண்டும் கூடவே போய்விடுகிறது. அப்படி ஒரு நாள், அல்சூரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கும் அண்ணன் ஒருவர் போன் செய்தார். "தம்பி, கறுப்புத் திரையில ஏதோ எழுத்தா வந்து நிக்குது. காலையில டெலிவரி. உபுண்டுவ மறுபடி போட்டுடவா?"

வேண்டவே வேண்டாம் என்றேன். நீங்களும் அவசரப்பட்டுப் புதிதாக நிறுவிவிடாதீர்கள். திடீரென்று அணைந்ததால் ஃபைல்கள் மொத்தமாகப் போவது அபூர்வம். டிஸ்கை அழித்துப் புதிதாக நிறுவினால்தான் நிச்சயமாகப் போகும்.

காரணம் இதுதான். உபுண்டு என்ற லினக்ஸ் வகை வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பமைப்பு (டிஸ்கில் ஃபைல்களை ஒழுங்காக வைக்கும் முறை), மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி வேலை செய்கிறது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற விவரம் மாறும்போது, முதலில் சிட்டாவில் குறித்துக்கொண்டு அப்புறம்தான் பேரேட்டில் ஏற்றும். அந்தச் சிட்டாவுக்கு ஜர்னல் என்று பெயர். நடுவில் கரண்ட் போனாலும், அடுத்த முறை சிட்டாவைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து பதிந்துவிடும். ஆனால் ஃபைலின் உள்ளடக்கம் வழக்கமாகச் சிட்டாவில் ஏறாது. அதனால் கடைசி அரை நிமிட வேலை போகலாம்.

முதல் படி, காத்திருங்கள். மழைக்குப் பிறகு கரண்ட் இரண்டு மூன்று தடவை வந்து வந்து போகும். சரிபார்ப்பு நடக்கும்போது மறுபடி அணைந்தால் சேதம் கூடும். பத்து நிமிடம் நிலையாக இருக்கட்டும்.

அடுத்து, ஆன் செய்துவிட்டு எதையும் தொடாதீர்கள். பெரும்பாலும் ஜர்னல் தானாகவே வேலையை முடித்து டெஸ்க்டாப் வந்துவிடும்.

வராமல் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று அடைப்புக்குறிக்குள் காட்டி நின்றால், அதற்கு மேலே உள்ள வரிகளை நிதானமாகப் படியுங்கள். டிஸ்கின் எந்தப் பகுதியில் கோளாறு என்று அங்கேயே இருக்கும். ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டிஏ2 என்பது போல. அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது சிறிய எழுத்தில் எஃப்எஸ்சிகே (கோப்பமைப்பைச் சரிபார்க்கும் கட்டளை), ஓர் இடைவெளி, மைனஸ் ஒய், மறுபடி ஓர் இடைவெளி, தாளில் எழுதிய பெயர் என்று தட்டி என்டர் அழுத்துங்கள். ஒய் என்றால் அது கேட்கும் எல்லாக் கேள்விக்கும் 'ஆம்'. முடிந்ததும் எக்ஸிட் என்று தட்டினால் கணினி மேலே தொடரும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்பில் டெர்மினலைத் திறந்து, பயன்பாட்டில் உள்ள பகுதியின்மீது இதே கட்டளையைக் கொடுக்கவே கூடாது. நல்ல ஃபைலும் கெட்டுப்போகும். திரையில் 'ஐ/ஓ எரர்' என்று திரும்பத் திரும்ப வந்தால், டிஸ்கே பழுதாகி வருகிறது என்று சந்தேகப்படுங்கள். உடனே நிறுத்திவிட்டு, லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) பூட் செய்து முதலில் ஃபைல்களை வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள்.

அப்டேட் நடக்கும்போது அணைந்திருந்தால், ஆன் ஆகும்போது எஸ்கேப் விசையை (பழைய கணினியில் ஷிஃப்ட்) அழுத்தி கிரப் மெனுவுக்கு (எப்படி பூட் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் திரை) போங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ரெகவரி மோடைத் தேர்ந்தெடுத்து, அதில் டிபிகேஜி என்பதைக் கொடுத்தால் பாதியில் நின்ற பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் தொகுப்புகளை, சரிசெய்யும்.

அண்ணனின் கணினி எஃப்எஸ்சிகே கொடுத்ததுமே எழுந்துவிட்டது. பத்திரிகை ஃபைலும் இருந்தது. ஆனால் கடைசியாகத் திருத்திய முகூர்த்த நேரம் மட்டும் பழையபடி 7.30 என்றே நின்றது. அச்சுக்கு அனுப்பும் முன் பார்த்துவிட்டார். நீங்களும் கடைசியாகத் தொட்ட ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

கரண்ட் இருந்தும் திரை உறைந்துபோனால் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி (ஏ, பி, சி-யில் வரும் பி) என்று சில நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எஸ் மீதமுள்ளதை டிஸ்கில் எழுதும், யு எழுதுவதை நிறுத்தும், பி ரீஸ்டார்ட் செய்யும்.