'போயிருந்தார்' என்றால் 'ஹேட் கான்' இல்லை: ஆங்கிலக் காலங்களில் வழுக்கும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்துப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய், பாடத்தில் ஆங்கிலம். தமிழ் வினையின் வாலிலேயே காலம் ஒட்டியிருக்கும்: வெட்டினேன், வெட்டுகிறேன், வெட்டுவேன். மலாய் வினை அசையாது. முன்னால் 'சுடா' (முடிந்தது), 'செடாங்' (நடக்கிறது), 'அக்கான்' (நடக்கும்) வந்து நிற்கும். அந்த 'சுடா'தான் 'ஐ ஈட் ஆல்ரெடி' ஆகிறது. மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகத்தில்) அது செல்லும், தேர்வுத்தாளில் செல்லாது. 'ஐ ஹேவ் ஈட்டன்' என்று எழுதவும்.

அதிகம் வழுக்குவது நம்முடைய 'இரு'வில்தான். "அப்பா நேற்று ஈப்போ போயிருந்தார்" என்பதை அப்படியே 'ஹேட் கான்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஹேட்' வர, கடந்த காலத்தில் இன்னொரு சம்பவம் பக்கத்தில் வேண்டும். லாரி வருவதற்குள் செம்பனைக் குலைகளை அடுக்கி முடித்திருந்தார்கள் என்றால், 'வென் த லாரி கேம், தே ஹேட் ஸ்டேக்ட் த பன்ச்சஸ்'. முந்தியதற்கு 'ஹேட்', பிந்தியதற்குச் சாதாரண இறந்தகாலம். தனியாக நேற்று ஈப்போ போனதற்கு 'வென்ட்' போதும்.

"2019இல் வீடு வாங்கியிருக்கிறோம்" என்பதும் அதே கதை. 'வீ ஹேவ் பாட் எ ஹவுஸ் இன் 2019' தவறு. 'வீ பாட்' சரி. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், அகோ, முடிந்துபோன ஆண்டு, இவற்றில் ஒன்று முன்னால் 'சின்ஸ்' இல்லாமல் வாக்கியத்தில் இருந்தால் 'ஹேவ்' கூடாது. 'திஸ் வீக்' இன்னும் முடியவில்லை, அதோடு 'ஹேவ்' வரலாம்.

"அம்மா பத்து வருஷமாக வேலை செய்கிறார்" என்று தமிழ் நிகழ்காலத்தில் முடித்துக்கொள்ளும். அதனால் 'ஷீ இஸ் வொர்க்கிங் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று ஒரே வரியில் இரண்டு பிழை. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு 'ஷீ ஹேஸ் பீன் வொர்க்கிங் ஃபார் டென் இயர்ஸ்'. கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்': 'சின்ஸ் 2015'.

'-கிற்-' இன்னொரு பொறி. தினமும் காலையில் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறார், இதோ போகிறார், இரண்டுக்கும் தமிழில் ஒரே வடிவம். ஆங்கிலத்தில் தினசரி வழக்கம் 'கோஸ்'. கண்முன் நடப்பது 'இஸ் கோயிங்'. தெரிகிறது, புரிகிறது என்பதைப் பார்த்து 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் அண்டர்ஸ்டேண்டிங்' என்று எழுதுவதும் இந்த '-கிற்-' செய்யும் வேலையே. அறிவு, விருப்பம், உடைமை சொல்லும் வினைகளுக்கு பொதுவாக 'இங்' ஒட்டாது.

'டிடின்ட் வென்ட்' பலரை விடாது. 'போகவில்லை' என்ற சொல்லில் காலக்குறியே கிடையாது. அதை ஈடுகட்ட வினையையும் இறந்தகாலமாக்கத் தோன்றுகிறது போலும். 'டிட்' காலத்தைச் சுமந்துவிட்டது, பின்னால் வெறும் 'கோ'.

மழை பெய்தால் ரப்பர் மரம் வெட்டு (பால் எடுப்பது) இருக்காது: 'இஃப் இட் ரெயின்ஸ், தே வில் நாட் டேப்'. 'இஃப்' உள்ள பாதியில் 'வில்' வராது, மற்றப் பாதியில் மட்டும்.

எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) ஆங்கில எழுத்துத் தாளின் மூன்றாம் பகுதி 200 முதல் 250 சொல். கதை எழுதினால் கடைசி ஐந்து நிமிடத்தில் பொருளைப் பார்க்காமல் வினைகளின் கீழ் மட்டும் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். 'வென்ட்' என்று தொடங்கிய கதை நடுவில் 'கோஸ்' ஆகியிருந்தால் அப்போது கண்ணில் படும். மேற்கோளுக்குள் யாராவது பேசுகிற வரியை மட்டும் அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.