காவிரிக் கரையில் நடக்க ஒரு சின்ன யோசனை

காலையில் ஆற்றங்கரையில் நடக்கப் போனால் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து, அதாவது மேற்கே நடங்கள், மாலையில் தண்ணீர் போகும் திசையில். திரும்பி நடக்கவும் வேண்டாம், பஸ் ஏறிவிடுங்கள்.

கல்லணைக்குக் கீழே காவிரியும் கொள்ளிடமும் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகத்தான் ஓடுகின்றன, அதனால் இப்படி நடந்தால் வெயில் எப்போதும் முதுகில்தான் விழும், கண் கூசாது, கரையில் கிடக்கும் கருவேல முள்ளும் முன்கூட்டியே தெரியும். கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு பக்கம் ரோடும் ஆற்றை ஒட்டியே போவதால் கால் வலித்த இடத்தில் மேலேறி பஸ்ஸுக்குக் கைகாட்டலாம், வண்டியை எடுக்கத் திரும்பி வரும் வேலையில்லை. மலை இல்லாத ஊரில் நமக்கு உயரம் என்றால் இந்தக் கரைதானே, ஒரு பக்கம் மணல், மறு பக்கம் வயல்.

ஆனால் புது ஆற்றில், அதான் கல்லணைக் கால்வாயில், இந்தக் கணக்கு சரிவராது. தஞ்சாவூர் தாண்டியதும் அது தெற்கே திரும்பி ஒரத்தநாடு பக்கம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த மண்கரையும் வேண்டாம், களிமண் அப்பிச் செருப்பு ஒரு கிலோ கனக்கும், வழுக்கினால் நேரே தண்ணீர்தான்.