விளையாடுபவர்களே லெவல் கட்டட்டும்: 160 இலக்கத்தில் ஒரு லெவல் எடிட்டர்

பிரவுசரில் ஓடும் ஒரு சின்ன கேம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதில் விளையாடுபவர்களே லெவல் கட்டி மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பதிவு அதற்குத்தான். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் என்ன, ஹோஸ்டிங் எப்படி என்பதெல்லாம் இங்கே கிடையாது. என் கேம் இதுதான்: மழைக்காலத் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஒரு கொழுந்து லொறி. ஒரு பக்கம் தள்ளினால் கல்லில் முட்டும் வரை, இல்லாவிட்டால் ஓரம் வரும் வரை சேற்றில் வழுக்கிக்கொண்டே போகும். வழியில் கிடக்கும் சாக்குகளை ஏற்றிக்கொண்டு ஸ்டோர் வாசலில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நான் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்த லெவல்களை ஹட்டன் பிள்ளைகள் ஒரே வார இறுதியில் முடித்துவிட்டு "அடுத்தது எங்கே அண்ணா" என்று கேட்டார்கள். சரி, நீங்களே கட்டுங்கள் என்று விடுவதைத் தவிர வேறு வழி இல்லை. 1983-இல் வந்த லோட் ரன்னர் கேமிலேயே லெவல் எடிட்டர் இருந்தது, அதனால் இது ஒன்றும் புது வித்தையும் இல்லை.

கருவி பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பயன்படுத்துவது ஃபேசர், பிரவுசர் கேம்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். கோடோ நல்ல எஞ்சின், மறுக்கவில்லை, ஆனால் அதன் வெப் ஏற்றுமதி பல எம்.பி. எடை, ரீலோட் போட்டு டேட்டா வாங்கும் பிள்ளை முதல் திரை வருவதற்குள் மூடிவிடும். டைல்டு எடிட்டர் உங்கள் சொந்த லெவல்களை வரைய அருமையானது. அதையே இறக்கி வைத்துக் கட்டச் சொல்லி விளையாடுபவர்களிடம் கேட்காதீர்கள், அவர்கள் கையில் இருப்பது போன்.

லெவலைச் சரமாக்குங்கள்

மற்ற எல்லாமே இதில்தான் தொங்குகிறது. என் கட்டம் 16 பத்தி, 10 வரிசை, மொத்தம் 160 பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே இலக்கம்: 0 சேற்று ரோடு, 1 கல், 2 சாக்கு, 3 லொறி புறப்படும் இடம், 4 ஸ்டோர். மேல் வரிசையிலிருந்து இடமிருந்து வலமாக அப்படியே எழுதிக்கொண்டே போனால் 160 இலக்கச் சரம் (string) ஒன்று கிடைக்கும், அதுதான் லெவல். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க வரிசையை 16-ஆல் பெருக்கிப் பத்தியைக் கூட்டுங்கள். எண்ணிக்கையைப் பூச்சியத்திலிருந்து தொடங்கினால், வரிசை 3, பத்தி 5 என்பது சரத்தில் 53-ஆவது இடம். முன்னால் ஒரு பதிப்பு எண்ணும் போட்டுவிடுங்கள். நாளைக்கு பாலம், மண்சரிவு என்று புதுப் பெட்டி சேர்க்கும்போது பழைய லெவல் எது என்று கேமுக்குத் தெரிய வேண்டும்.

இதைச் சுருக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். 160 இலக்கத்தைச் சுருக்கி எந்த மலையைப் புரட்டப் போகிறோம்? அப்படியே விடுங்கள்.

இந்தச் சரத்தை உங்கள் கேம் முகவரியின் கடைசியில் # போட்டு ஒட்டினாலே லெவல் பகிர்வு தயார். # குறிக்குப் பின்னால் இருப்பது சர்வருக்குப் போகாது, பிரவுசருக்குள்ளேயே நிற்கும். அதாவது சர்வர் இல்லாமல், காசில்லாமல், வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி இன்றைக்கே தொடங்கலாம். முதல் மாதம் இப்படியே ஓட்டுங்கள் என்பதுதான் என் கட்சி. சரத்தில் இலக்கம் தவிர வேறு குறி வேண்டாம். சாக்குக்கு நட்சத்திரக் குறி வைத்த ஒருவர், லெவலை வாட்ஸ்அப் மெசேஜில் ஒட்டினால் பாதிச் சாக்கைக் காணோம் என்று எழுதியிருந்தார். இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவே இருப்பதை வாட்ஸ்அப் தடித்த எழுத்தாக்கி, நட்சத்திரங்களை விழுங்கிவிடும்.

எடிட்டர்

இதில் அதிகம் சொல்ல இல்லை. கீழே ஐந்து பெட்டிப் படங்கள், தொட்டுத் தேர்ந்தெடு, கட்டத்தில் தேய்த்து வரை. ஆனால் அகலத்தைக் கவனியுங்கள். போனை நிமிர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் 360 பிக்சல்தான் அகலம், அதை 16-ஆல் வகுத்தால் பெட்டிக்கு இருபத்திரண்டரை பிக்சல், பெரியவர் விரல் பட்டால் மூன்று பெட்டி சேர்ந்து மாறும். எடிட்டரைப் படுக்கைவாட்டில் மட்டும் திறக்க விடுங்கள். 'முந்தையது' பொத்தான் கட்டாயம் வேண்டும், அதற்கும் பெரிய வேலை இல்லை: ஒவ்வொரு தொடுதலுக்கும் முந்தைய சரத்தை ஒரு பட்டியலில் போட்டு வைத்து, கேட்டால் கடைசியை எடுத்துக் கொடுங்கள்.

முடிக்கக்கூடிய லெவல்தானா?

என்னை நிறைய இழுத்தடித்தது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் நின்று போவோம்.

சும்மா விட்டால் பிள்ளைகள் லொறியைச் சுற்றி நான்கு கல் வைத்து "உலகத்திலேயே கஷ்டமான லெவல்" என்று பெயர் போட்டு அனுப்புவார்கள். 2015-இல் வந்த சூப்பர் மாரியோ மேக்கரில் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: கட்டியவரே ஒரு முறை விளையாடி முடித்தால்தான் லெவலை ஏற்ற முடியும். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முடித்த பிறகு எடிட்டருக்குத் திரும்பி ஒரு கல்லை நகர்த்திவிட்டு ஏற்றினால்? முடித்த நேரத்தில் இருந்த சரத்தை எடுத்து வைத்து, ஏற்றும்போது இருக்கும் சரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் மறுபடி முடித்துக் காட்ட வேண்டும்.

இதுவும் போதாது, ஏனென்றால் இதெல்லாம் விளையாடுபவர் பிரவுசரில் நடக்கிறது, கொஞ்சம் தெரிந்தவர் அதைத் தாண்டிவிடுவார். அதனால் லெவலோடு சேர்த்து, முடித்த நகர்வுகளையும் அனுப்பச் சொல்லுங்கள்: மேல் 0, வலம் 1, கீழ் 2, இடம் 3. "1203" என்றால் வலம், கீழ், மேல், இடம். லெவலைப் பெறுகிற கேம் அந்த நகர்வுகளைத் திரையில் காட்டாமல் உள்ளுக்குள் ஓட்டிப் பார்க்கட்டும், லொறி ஸ்டோரில் நிற்கவில்லை என்றால் அந்த லெவலைப் பட்டியலிலேயே காட்ட வேண்டாம்.

சிக்கல் வருவது இந்த 'உள்ளுக்குள் ஓட்டி'யில்தான். ஆரம்பத்தில் எல்லோருமே லொறி நகர்வதை அனிமேஷனோடு சேர்த்தே எழுதுவோம், லொறிப் படம் கல்லைத் தொட்டதா என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் பார்ப்போம். அப்படி எழுதினால் படம் வரையாமல் ஓட்டிப் பார்க்க வழியே இல்லை. போதாததற்கு ஒரு போன் நொடிக்கு 60 ஃபிரேம், இன்னொன்று 120. இதில் நின்ற லொறி அதில் நிற்காது. நகர்வை ஒரு தனி ஃபங்ஷனாக்குங்கள். லொறி இருக்கும் இடம், ஏற்றிய சாக்குகள், திசை மூன்றையும் வாங்கி, எந்தப் பெட்டியில் நிற்கும், எந்தச் சாக்குகள் ஏறின என்று மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். பிக்சல், நேரம், படம் எதுவும் அதற்குள் போகக் கூடாது. அனிமேஷன் அந்த விடையை வாங்கி, பிறகு அழகாகக் காட்டட்டும். ஸ்டோரைத் தாண்டி வழுக்கிப் போனால் கணக்கில் சேருமா, அங்கேயே நின்றால்தான் சேருமா என்பது போன்ற விதிகளும் இந்த ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கேமில் ஒரு மாதிரி, சரிபார்ப்பில் ஒரு மாதிரி இருந்தால் நல்ல லெவல்கள் காரணமே தெரியாமல் மறைந்துபோகும்.

இதைச் செய்துவிட்டால் ஒரு உபரி லாபமும் உண்டு. இதே ஃபங்ஷனை வைத்து பி.எஃப்.எஸ். தேடல் (ஒரு நகர்வில் எட்டுவது, இரண்டில் எட்டுவது என்று வரிசையாக எல்லா நிலைகளையும் பார்ப்பது) ஓட்டினால் மிகக் குறைந்த நகர்வு எத்தனை என்று கேமே கண்டுபிடிக்கும். 160 இடம், மூன்று சாக்கு என்றால் எட்டு விதமாக ஏற்றியிருக்கலாம், ஆக 1,280 நிலைதான், பழைய போனிலும் கண் சிமிட்டுவதற்குள் முடியும். பத்துச் சாக்குக்கு அனுமதித்தால் அதுவே 1,63,840 ஆகிவிடும், அதனால் நான் மூன்றோடு நிறுத்திவிட்டேன். அப்படியென்றால் கட்டியவர் ஏன் விளையாட வேண்டும், தேடலே போதாதா? போதும்தான். ஆனாலும் தான் கட்டியதைத் தானே ஒரு முறை விளையாடியவர் லெவல் எப்போதும் நன்றாக இருக்கிறது, அதனால் அந்தப் படியை நான் எடுக்கவில்லை.

பொதுப் பட்டியல்

லிங்க் பகிர்ந்து அலுத்த பிறகு சர்வர். நான் ஃபயர்ஸ்டோர் (கூகுளின் ஆன்லைன் தரவுத்தளம்) வைத்திருக்கிறேன், ஆரம்பத்துக்கு இலவசத் திட்டம் போதும். சோதனை முறையில் தொடங்கினால் 30 நாளைக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம். அதை முதல் நாளே மாற்றுங்கள். யார் எதை எழுதலாம் என்று சொல்லும் ஃபயர்ஸ்டோர் விதிகளில் லூப் எழுத முடியாது, பெட்டி பெட்டியாகச் சரிபார்க்கவும் முடியாது. லெவல் ஒரே சரமாக இருப்பது இங்கேயும் கை கொடுக்கிறது: முன்னால் இருக்கும் பதிப்பு எண் போக 160 நீளம், 0 முதல் 4 வரையான இலக்கங்கள் மட்டும், 3 ஒரே ஒரு தடவை என்பதை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (சரம் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு வரிக் குறிப்பு) பார்த்துவிடலாம். புதிதாக உருவாக்க மட்டும் அனுமதி, திருத்த அனுமதி இல்லை.

ஒவ்வொரு லெவலுக்கும் ஆறு எழுத்துக் குறியீடு கொடுங்கள். ஆங்கிலப் பேரெழுத்து, இலக்கம் இரண்டிலிருந்தும் ஓ, பூச்சியம், ஐ, ஒன்று நான்கையும் தூக்கிவிடுங்கள், போனில் வாசித்துச் சொல்லும்போது குழப்பம் வராது. மிச்சம் 32 குறி, அதில் நூறு கோடிக்கு மேல் குறியீடு வரும். தற்செயலாக ஒன்று மோதினாலும் திருத்த அனுமதி இல்லாததால் சர்வர் மறுத்துவிடும், வேறொன்று போட்டுக்கொள்ளலாம்.

இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 50,000 வாசிப்பு. பட்டியலைத் திறக்கும்போது 200 லெவலையும் இழுத்தால் 250 முறை திறந்தவுடனே அன்றைய கணக்கு காலி. இருபது இருபதாக எடுங்கள். விருப்பம் அதிகமானது மேலே என்று மட்டும் அடுக்கினால் பழையவையே ஆட்சி செய்யும், அதனால் பாதி புதியவை.

தமிழ்ப் பெயர்கள்

லெவல் பெயருக்கு 20 எழுத்து என்று எல்லை வைத்தால், "தலவாக்கலை கொழுந்து லொறி" என்று அடித்த பிள்ளைக்கு "தலவாக்கலை கொழுந்து ல" என்றுதான் கிடைக்கும். கண்ணுக்கு இடைவெளியோடு 14 எழுத்துதான், ஆனால் புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் கணினி தனித்தனியே எண்ணி 23 என்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் Intl.Segmenter-ஆல் எண்ணினால் சரியாக வரும்; ஃபயர்ஃபாக்ஸில் அது 2024-இல்தான் வந்தது, பழையதுக்கு எல்லையை இரட்டிப்பாக்கிச் சமாளியுங்கள். இன்னொன்று, 'கொ' எழுத்தை ஒரு கீபோர்ட் ஒற்றைக் குறியோடும் இன்னொன்று கொம்பு, கால் என்று பிரித்தும் சேமிக்கலாம். பார்க்க ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையுமே என்.எஃப்.சி. வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றுங்கள்.

கட்டியவர் பெயர், ஊர், பள்ளிக்கூடம், போன் நம்பர் எதற்கும் இடமே வைக்காதீர்கள், சின்னப் பிள்ளைகள் நிரப்பிவிடுவார்கள். கற்களை அடுக்கிக் கெட்ட வார்த்தை எழுதுவார்கள், அதை எந்த ஃபில்டரும் பிடிக்காது, முறைப்பாட்டுப் பொத்தான் ஒன்று வைத்து வருவதை நீங்களே பாருங்கள்.

பிற்சேர்க்கை: பாதி கட்டிய லெவல் காணாமல் போகிறது என்று பலர் எழுதியதால் இது. ஒவ்வொரு தொடுதலுக்கும் லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது பிரவுசரின் சொந்தச் சேமிப்பில், சேமிப்பது சரிதான், சிக்னல் இல்லாத லயத்திலும் வேலை ஓடும். ஆனால் பேஸ்புக்குக்குள்ளேயே திறக்கும் பிரவுசருக்கும் குரோமுக்கும் சேமிப்பு தனித்தனி, இதில் கட்டியது அதில் தெரியாது. ஐபோன் சஃபாரியில் ஏழு நாள் அந்தப் பக்கத்தைத் தொடாவிட்டால் சேமித்ததை அதுவே அழித்துவிடலாம். எடிட்டரில் 'வரைவைப் பிரதி எடு' என்று ஒரு பொத்தான் வையுங்கள். அந்த 160 இலக்கத்தை வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பி வைத்துக்கொண்டு, டவுனுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் ஒட்டி ஏற்றிவிடலாம்.